சுவருக்கு எந்தப் பக்கம் எழுந்திருப்பது?

"பேங்க்ல வேலை பாக்குற ஆளுக்கு எதுக்குய்யா கல்லறை ஆராய்ச்சி?" இதை எழுதப் போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். படித்தது பி.காம்., பிழைப்பு லெட்ஜரோடு. அதிலும் நான் கிறிஸ்தவனும் இல்லை. திருச்சியில் எங்கள் குடும்பத்தில் யாராவது போனால் ஓயாமரியில் எரித்துவிட்டு, மறுநாள் அஸ்தியைக் காவிரியில் கரைத்துவிட்டு வருவோம். அதோடு உடம்பின் கணக்கு முடிந்தது. அக்கவுண்ட் க்ளோஸ்டு.

அந்தக் கணக்கை முடிக்க மறுக்கிற நம்பிக்கை ஒன்று உலகத்தில் இரண்டாயிரம் வருடத்துக்கும் மேலாக இருந்துவருகிறது. அது எங்கே பிறந்தது, தமிழ்நாட்டுக்கு எப்படி வந்தது, வந்த இடத்தில் அதற்கு என்ன ஆயிற்று என்பதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

ஆத்மா மட்டும் போதாதா?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். செத்தபிறகு ஆத்மா சொர்க்கத்துக்குப் போகும், கிறிஸ்தவர்களின் நம்பிக்கை அவ்வளவுதான் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கிறிஸ்தவ நண்பர்களைக் கேட்டாலும் பலர் இதையேதான் சொல்வார்கள். ஆனால் கோயிலில் எழுந்து நின்று அவர்கள் சொல்கிற விசுவாச அறிக்கையில் இன்னொன்றும் இருக்கிறது. கத்தோலிக்கர்கள் அதை உடலின் உயிர்ப்பு என்பார்கள். பிராட்டஸ்டண்டுகளுக்கு அது சரீரத்தின் உயிர்த்தெழுதல். லத்தீன் மூலத்தில் உள்ள சொல் இன்னும் பச்சையானது: மாம்சம். அதாவது செத்துப்போன இந்த உடம்பே கடைசி நாளில் மறுபடி எழும். மாற்றமடைந்து, இனிச் சாவில்லாததாக எழும். ஆனால் அதே ஆளின் உடம்பாக எழும்.

கிரேக்கர்களுக்கு இது வேடிக்கையாகப் பட்டது. உடம்பு ஒரு சிறை, அதிலிருந்து ஆத்மா தப்பிப்பதுதான் விடுதலை என்று பிளேட்டோ வழியில் படித்தவர்கள் அவர்கள். தப்பித்த கைதி யாராவது திரும்பச் சிறைக்குப் போக ஆசைப்படுவானா? பவுல் ஏதென்ஸில் போய் செத்தவர்கள் எழுவதைப் பற்றிப் பேசியபோது சிலர் சிரித்தார்கள் என்று பைபிளே ஒளிக்காமல் சொல்கிறது. கி.பி. 55 வாக்கில் அதே பவுல் கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய கடிதத்தில் இதற்காக ஒரு அதிகாரம் முழுக்க வாதாடுகிறார். விதைத்த விதையும் முளைத்து வரும் பயிரும் ஒன்றுபோல் இருப்பதில்லை, ஆனால் அந்த விதையிலிருந்துதான் இந்தப் பயிர் என்பது அவர் வாதம். நமக்குச் சட்டென்று புரிகிற உதாரணம்.

சரி, இந்த யோசனை எங்கிருந்து வந்தது? பவுலுக்கு 200 வருடம் முன்னால் போக வேண்டும். கி.மு. 167 வாக்கில் யூதேயாவை ஆண்ட நான்காம் அந்தியோக்கு என்ற கிரேக்க ராஜா யூதர்களின் வழிபாட்டைத் தடை செய்தான். மறுத்தவர்களைக் கொன்றான். மக்கபேயர் இரண்டாம் நூலில் அந்தக் காலத்துக் கதை ஒன்று வருகிறது. பன்றி இறைச்சியைத் தின்ன மறுத்த ஏழு அண்ணன் தம்பிகளை, அம்மா கண் முன்னாலேயே ஒவ்வொருவராகச் சித்திரவதை செய்து கொல்கிறார்கள். நாக்கையும் கைகளையும் அறுக்கப் போகும்போது ஒருவன் தானே அவற்றை நீட்டுகிறான். இவை கடவுள் கொடுத்தவை, அவரிடமிருந்தே திரும்ப வாங்கிக்கொள்வேன் என்கிறான்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். கடவுளுக்காக உண்மையாக இருந்தவன் துண்டு துண்டாக வெட்டப்பட்டுச் சாகிறான், அவனை வெட்டிய ராஜா சுகமாக இருக்கிறான். இதற்கு என்ன நீதி? ஆத்மா எங்கோ நிம்மதியாக இருக்கிறது என்ற பதில் அந்த ஜனங்களுக்குப் போதவில்லை. அநியாயம் நடந்தது உடம்புக்கு, நீதியும் உடம்புக்குத்தான் கிடைக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். உயிர்த்தெழுதல் என்ற நம்பிக்கை வலுப்பட்டது இந்தக் கேள்வியில்தான். பிற்பாடு எருசலேம் கோயில் குருக்களோடு சேர்ந்த சதுசேயர் என்ற மேல்தட்டுக் கட்சி இதை ஏற்கவில்லை, ஜனங்களிடம் செல்வாக்காக இருந்த பரிசேயர் ஏற்றார்கள். வசதியாக இருந்தவர்களுக்கு இந்த உலகமே போதுமாக இருந்தது போலும்!

ரோன் நதியில் கரைத்த சாம்பல்

ரோமானியர்களுக்கும் இது புரிந்திருந்தது. கி.பி. 177-ல் இன்றைய பிரான்சில் உள்ள லியோன் நகரத்தில் கிறிஸ்தவர்கள் பலரைக் கொன்றார்கள். கொன்றதோடு விடவில்லை. எவுசேபியு என்ற பழைய சபை வரலாற்றாசிரியர் தரும் விவரப்படி, பிணங்களை ஆறு நாள் வெட்டவெளியில் போட்டுவைத்து, பிறகு எரித்து, சாம்பலை ரோன் நதியில் தள்ளிவிட்டார்கள். காரணம்? மறுபடி எழுவோம் என்ற நம்பிக்கையில்தானே இவர்கள் சாவுக்குப் பயப்படுவதில்லை, அந்த நம்பிக்கைக்கே இடமில்லாமல் செய்துவிடலாம் என்பதுதான்.

காவிரியில் அஸ்தி கரைக்கிற வீட்டில் பிறந்த எனக்கு இதைப் படித்தபோது ஒரு மாதிரி இருந்தது. நாம் மரியாதையாகச் செய்கிற அதே காரியத்தை ஒருவர் தண்டனையாகச் செய்திருக்கிறார்கள். நமக்கு ஆறு விடுதலை. அவர்களுக்கு அதே ஆற்றை வைத்து ஒரு நம்பிக்கையைக் கொல்லப் பார்த்தார்கள்.

கொல்ல முடியவில்லை. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமைப் பற்றியும் கடவுளின் நகரத்தைப் பற்றியும் பெரிய புத்தகம் எழுதிய அகஸ்டின், அதன் கடைசிப் பகுதியில் இந்த மாதிரிக் கேள்விகளை வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டு பதில் சொல்கிறார். மிருகம் தின்ற உடம்பு எப்படி எழும்? ஒரு மனிதனை இன்னொரு மனிதன் தின்றிருந்தால் அந்தச் சதை யாருடையது? (ஆடிட்டர்கூட இவ்வளவு நுணுக்கமாகக் கேட்கமாட்டார்!) ஒன்றுமில்லாததிலிருந்து படைத்தவருக்குச் சிதறியதைச் சேர்ப்பது கஷ்டமா என்பதுதான் சாரம். ஆக, எலும்பு பத்திரமாக இருந்தால்தான் உயிர்ப்பு என்று அவர்கள் சொல்லவே இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

மயிலாப்பூரும் முத்துக்குளித்துறையும்

இனி நம்மூருக்கு வருவோம். உயிர்த்தெழுந்த இயேசுவின் காயத்தைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்றவர் தோமா. உடம்போடு எழுந்தாரா, வெறும் ஆவியா என்பதுதான் அவருடைய சந்தேகம். அந்தத் தோமாவின் கல்லறை மயிலாப்பூரில், சாந்தோம் கோயிலில் இருக்கிறது என்பது நம் கிறிஸ்தவர்களின் மரபு. அவர் இங்கே வந்தாரா என்பதில் வரலாற்று ஆசிரியர்களிடம் ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோவின் குறிப்பில் அந்த இடமும், ஜனங்கள் அங்கிருந்து மருந்தாக மண் எடுத்துப்போவதும் வந்துவிடுகின்றன.

அதைவிடச் சுவாரஸ்யம், தோமாவின் எலும்புகள் அங்கே இல்லை என்பது. நான்காம் நூற்றாண்டுக்குள் எதெஸா நகரத்தில் (இன்றைய துருக்கியில் உள்ள உர்ஃபா) அவற்றை வைத்து வழிபட்டிருக்கிறார்கள். அங்கிருந்து கியோஸ் தீவு, 1258-ல் இத்தாலியின் ஒர்த்தோனா. 1523-ல் போர்ச்சுக்கீசியர்கள் மயிலாப்பூர்க் கல்லறையைத் தோண்டி, சில எலும்புகளும் ஈட்டிமுனையும் கிடைத்ததாகச் சொன்னார்கள். உடம்பைத் தொட்டுப் பார்த்து நம்பிய ஆளின் உடம்பு மூன்று நாட்டில் கிடக்கிறது.

1545-ல் அந்தக் கல்லறைக்கு வந்து சில மாதம் தங்கி ஜெபம் செய்தவர் பிரான்சிஸ் சவேரியார். அதற்கு முன்பே முத்துக்குளித்துறையில், அதாவது தூத்துக்குடியை ஒட்டிய கடற்கரைப் பரதவர் ஊர்களில், அவர் ஒரு முக்கியமான வேலையைச் செய்து முடித்திருந்தார். பரதவர்கள் 1530களிலேயே ஞானஸ்நானம் பெற்றுவிட்டார்கள், ஆனால் எதை நம்புகிறோம் என்று அவர்கள் பாஷையில் சொல்லித்தர ஆளில்லை. இரண்டு பாஷையும் தெரிந்தவர்களைக் கூட்டிவைத்து, விசுவாச அறிக்கை உட்பட முக்கியமான ஜெபங்களைத் தமிழில் ஆக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியை ஆட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுத்ததாக 1544 ஜனவரி 15-ம் தேதியிட்ட கடிதத்தில் சவேரியார் எழுதுகிறார். ஒவ்வொரு பகுதியாகச் சொல்லி, நம்புகிறீர்களா என்று கேட்பாராம். ஜனங்கள் கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு நம்புகிறோம் என்பார்களாம். உடம்பு எழும் என்பதும் அந்தப் பகுதிகளில் ஒன்று. கடலில் முத்துக் குளிக்கப் போனவன் திரும்பி வருவானா என்பதே நிச்சயமில்லாத ஜனங்கள் அவர்கள். பிணம்கூடக் கிடைக்காமல் போன வீடுகள் எத்தனை இருந்திருக்கும்! அந்தக் கரையில் அந்த வாக்கியம் எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சவேரியாரின் உடம்புக்கு நடந்தது தனிக் கதை. 1552 டிசம்பர் 3-ல் சீனக் கரையோரத் தீவு ஒன்றில் இறந்தார். சதை சீக்கிரம் கரைந்தால் எலும்பை மட்டும் எடுத்துப் போகலாம் என்று பெட்டியில் சுண்ணாம்பைக் கொட்டிப் புதைத்தார்கள். சில மாதம் கழித்துத் திறந்தால் உடம்பு கெடவில்லை என்றார்கள். மலாக்கா போய், 1554-ல் கோவாவுக்கு வந்தது. 1614-ல் வலது கையை வெட்டி ரோமுக்கு அனுப்பினார்கள். மிச்சம் கோவாவில் இருக்கிறது. பத்து வருடத்துக்கு ஒருமுறை மக்கள் பார்வைக்கு வைப்பார்கள், கடைசியாக 2024 நவம்பர் 21 முதல் 2025 ஜனவரி 5 வரை.

சவேரியாருக்கு அறுபது வருடம் கழித்து மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி வேறு வகை. காவி கட்டி, பிராமண சந்நியாசி போல வாழ்ந்து, தமிழும் சமஸ்கிருதமும் படித்தார். மறுபிறவிக் கொள்கையை மறுத்து 'புனர்ஜென்ம ஆட்சேபம்' என்று தமிழில் தனிப் புத்தகமே எழுதினார். அவருக்கு விஷயம் பிடிபட்டிருந்தது. மறுபிறவியில் இந்த உடம்பு கழற்றிப்போடுகிற சட்டை, அடுத்த சட்டை போன ஜென்மத்துக் கணக்குப்படி கிடைக்கும். உயிர்த்தெழுதலில் சட்டையே கிடையாது. இந்த உடம்புதான் நீ. சேரியில் பிறந்த உடம்பு முற்பிறப்புப் பாவத்தின் ரசீது என்று இனி யாரும் சொல்ல முடியாது, கடவுள் எழுப்பப் போவது இதே உடம்பைத்தான்.

ஆனால் அந்த மதுரை மிஷனிலேயே மேல்சாதிக்காரர்களுக்குச் சந்நியாசிச் சாமியார், மற்றவர்களுக்கு 1640 முதல் பண்டாரச் சாமியார் என்று பிரித்துத்தான் வேலை நடந்தது. நம்பிக்கை ஒரு பக்கம் போக, நடைமுறை இன்னொரு பக்கம் போக ஆரம்பித்தது அப்போதே.

ஒரே குழி

கொஞ்சம் நாச்சாரத்துக்கு வருகிறேன். எங்கள் அபார்ட்மெண்ட்டில் தரைத்தளத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். சிகந்தராபாத் கண்டோன்மெண்ட் தமிழர். மதராஸ் ராணுவத்தோடு இந்தப் பக்கம் வந்த தமிழ்க் குடும்பங்கள் ஏராளம், அதில் அவருடையதும் ஒன்று. வீட்டில் தமிழ், வெளியில் தெலுங்கு, கோபம் வந்தால் உருது. அவருடைய அம்மா இறந்தபோது கல்லறைத் தோட்டத்தில் புது இடம் இல்லை. நகரத்தில் இது சாதாரணம். அப்பாவின் குழியையே திறந்தார்கள்.

"எலும்பெல்லாம் பொறுக்கி வெள்ளைத் துணியில கட்டி அம்மா பெட்டிக்குக் கால்மாட்டுல வச்சோம் தம்பி" என்றார். எனக்குக் கேட்கவே சங்கடமாக இருந்தது. அவருக்கு ஒன்றுமில்லை. "என்ன இப்ப? எக்காளம் ஊதும்போது ரெண்டு பேரும் ஒரே குழியில இருந்து எழும்புவாங்க. அப்பா, 'ஏன்டி இவ்வளவு லேட்டு'ன்னு கேப்பாரு" என்று சிரித்தார்.

அகஸ்டின் பெரிய புத்தகத்தில் சொன்னதை இவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார். தமிழ்க் கிறிஸ்தவக் கல்லறைகளில் நித்திரையடைந்தார், இளைப்பாறுகிறார் என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கல்லறைத் தோட்டத்துக்கு ஆங்கிலத்தில் சொல்கிற செமெட்ரி என்ற வார்த்தையே தூங்குமிடம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. தூங்குகிறவரை யாராவது எழுப்புவார்கள்தானே.

எரிக்கும் விஷயத்திலும் சபை இறங்கி வந்திருக்கிறது. ஐரோப்பாவில் உயிர்ப்பை மறுப்பதற்காகவே சிலர் எரிப்பதை ஒரு இயக்கமாக நடத்தியதால் 1886-ல் கத்தோலிக்க சபை அதைத் தடை செய்தது. 1963-ல் தடையைத் தளர்த்தியது. 2016-ல் வந்த அறிவுரையில்கூட அடக்கம்தான் சிறந்தது, எரித்தால் சாம்பலைத் தூவவோ வீட்டில் வைத்துக்கொள்ளவோ கூடாது, புனிதமான இடத்தில் வைக்க வேண்டும் என்றிருக்கிறது. 2020 ஜூலையில் கேரளத்தின் ஆலப்புழை மறைமாவட்டம் கொரோனாவில் இறந்தவர்களைக் கல்லறைத் தோட்டத்திலேயே எரித்து, சாம்பலை அங்கேயே அடக்கம் செய்ய அனுமதித்தது. மண்ணோ நெருப்போ, உடம்பை மரியாதையாக நடத்து என்பதுதான் விதி.

மேலப்புதூர்ச் சுவர்

இப்போது சொல்ல வந்த இடத்துக்கு வந்துவிட்டேன்.

நான் பி.காம் படித்த மூன்று வருடமும் ஜங்ஷனிலிருந்து பஸ்ஸில் மேலப்புதூரைத் தாண்டித்தான் போவேன். அங்கே உள்ள கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்துக்குள் ஒரு சுவர் உண்டு. ஒரு பக்கம் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள், இன்னொரு பக்கம் தலித் கிறிஸ்தவர்கள். செத்தவர்களைப் பிரிக்கிற சுவர். 2010-ல் பெரியார் திராவிடர் கழகத்தினர் கடப்பாரையோடு போய் அதில் ஒரு பகுதியை இடித்துக் கைதானார்கள். உயிர்த்தெழுதலை நம்பாதவர்கள் வந்து அந்தச் சுவரில் கை வைக்க வேண்டியிருந்தது என்பது எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம்.

மேலப்புதூர் மட்டுமா? விழுப்புரம் பக்கத்து எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். சவ ஊர்வலம் பொதுவழியில் போவதும் அந்தப் பிரச்சினையில் ஒன்று. 2008 மார்ச்சில் அது கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். பிராட்டஸ்டண்டுகளும் சளைத்தவர்கள் இல்லை. 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை அடியோடு போக வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பெரிய எதிர்ப்பு கிளம்பியது, பலர் சபையை விட்டே போனார்கள்.

இன்னொரு பக்கம் சர்க்கார். 1950-ம் வருடத்து அட்டவணைச் சாதியினர் ஆணைப்படி, இந்து, சீக்கியர், பௌத்தர் தவிர மற்ற மதத்தவர் அந்தப் பட்டியலில் வர முடியாது. (சீக்கியர்களை 1956-லும் பௌத்தர்களை 1990-லும் சேர்த்தார்கள்.) அதாவது ஞானஸ்நானம் வாங்கிய அன்றே சாதி போய்விட்டது என்கிறது சட்டம். செத்தபிறகும் போகவில்லை என்கிறது சுவர். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர் எந்த கவுண்டரில் போய் நிற்பார்?

2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, சபைக்குள் தலித்துகள் மீது பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டு ஒரு கொள்கை ஆவணம் வெளியிட்டது. நல்ல விஷயம். ஆனால் பேங்கில் சர்க்குலர் வருவதற்கும் கிளையில் வேலை நடப்பதற்கும் உள்ள தூரம் எனக்கு நன்றாகத் தெரியும்.

சாதிச் சுவர் எல்லா மதத்திலும்தான் இருக்கிறது, நம் ஊர்ச் சுடுகாடுகளே இரண்டு மூன்றாகத்தான் இருக்கின்றன, பிறகு இவர்களை மட்டும் ஏன் கேட்கிறாய் என்று நீங்கள் கேட்கலாம். என் பதில் இதுதான். உடம்பு எரிந்து தீர்ந்துவிடும் என்று நம்புகிறவர்களிடம் சுவர் ஒரு அநியாயம். இந்த உடம்பே, இதே மண்ணிலிருந்து, ஒரே குரலுக்கு எழுந்து நிற்கும் என்று வாரம்தோறும் சொல்கிறவர்களிடம் அது அநியாயத்தோடு சேர்ந்து ஒரு பொய்யும்கூட. அந்த நம்பிக்கை பிறந்ததே உடம்புக்கு நடந்த அநியாயத்துக்கு நீதி கேட்டு. நாக்கும் கையும் அறுபட்டவனுக்காகப் பிறந்த நம்பிக்கை, வாழ்நாளெல்லாம் தொடாதே என்று ஒதுக்கப்பட்ட உடம்பைக் கடைசியில் சுவருக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் புதைத்தால், அந்த ஏழு பேர் கதையைப் படிப்பதில் என்ன அர்த்தம்?

எலும்பைப் பத்திரப்படுத்த வேண்டாம் என்று அகஸ்டினே சொல்லிவிட்டார். இடம் இல்லையென்றால் ஒரே குழியில் இருவரை வைக்கலாம் என்று நாச்சாரத்துப் பெரியவர் சொல்கிறார். அப்படியானால் அந்தச் சுவர் யாரைக் காக்கிறது? செத்தவர்களை இல்லை. நவம்பர் 2, கல்லறைத் திருநாள் சாயங்காலம், பூவும் மெழுகுவர்த்தியும் எடுத்துக்கொண்டு இரண்டு பக்கமும் குடும்பங்கள் வருகின்றன. இரண்டு பக்கமும் ஒரே ஜெபம்தான் சொல்கிறார்கள். அதில் நம்பி ஒரு சொல்லைச் சொன்னாலும், மறுநாள் காலையில் கடப்பாரையை எடுக்க வேண்டியவர்கள் அவர்கள்தான். வெளியாட்கள் இல்லை.

கண்டோன்மெண்ட் தமிழர்களைப் பற்றிப் பெரியவரிடம் இன்னும் நிறையக் கதை இருக்கிறது. அது அடுத்த பதிவில். இயர் எண்டிங் வேலை கொஞ்சம் தீரட்டும்.